பழங்கஞ்சியா, புரோபயாடிக் பவுடரா? முதலில் அப்பாவின் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 69 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலை பார்த்தவர். மூன்று வருடமாகப் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். கை நடுக்கத்தைவிட மலச்சிக்கல்தான் அவரை ரொம்பப் படுத்துகிறது, நான்கு நாள் ஐந்து நாள் போகாமலே இருக்கிறார். துபாயில் இருக்கும் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினான், செடிகளிலிருந்து எடுத்த, நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் பவுடராம், குடலைச் சரிசெய்தால் மூளை தானாகச் சரியாகிவிடும், மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள். மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். அம்மாவோ பழங்கஞ்சியில் இல்லாததா அந்த டப்பாவில் இருக்கிறது என்கிறார். எதைக் கொடுக்க? மத்தியானம் போடும் மாத்திரை இப்போதெல்லாம் சரியாக வேலை செய்வதும் இல்லை. அவர் சாப்பிடும் மருந்துகளை எழுதியிருக்கிறேன்: லெவோடோபா கார்பிடோபா மூன்று வேளை, டிரைஹெக்சிஃபெனிடில் இரண்டு வேளை, அம்லோடிபின், பிறகு கேஸுக்காக உள்ளூரில் எழுதிக்கொடுத்த ரபெப்ரசோல் லெவோசல்பிரைடு கேப்சூல்.
தக்கலையிலிருந்து ஒரு மகள்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் கேட்டது பவுடரைப் பற்றி, ஆனால் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த மருந்துப் பட்டியலில்தான் என் கண் நின்றுவிட்டது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பவுடர் வாங்கலாமா வேண்டாமா என்பதை அடுத்த மாதம் முடிவு செய்தால்கூடப் போதும், இது இந்த வாரமே பார்க்க வேண்டிய விஷயம்.

அந்த கேஸ் கேப்சூலில், அமிலத்தைக் குறைக்கும் ரபெப்ரசோலோடு சேர்ந்திருக்கும் லெவோசல்பிரைடு, உடல் அசைவை நடத்துகிற டோபமைன் என்கிற மூளை வேதிப்பொருள் வேலை செய்யும் இடங்களை அடைக்கிற மருந்து. உங்கள் அப்பாவுக்கு இருக்கும் நோயே மூளையில் டோபமைன் குறைந்துபோவதால் வருவது. ஒரு பக்கம் டோபமைனைக் கூட்ட மூன்று வேளை மாத்திரை, இன்னொரு பக்கம் அதை வேலை செய்யவிடாமல் தடுக்க ஒரு கேப்சூல். பார்க்கின்சன் இல்லாத வயதானவர்களுக்குக்கூட இந்த மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் நடுக்கமும் உடல் இறுக்கமும் வருவதுண்டு. வயிறு உப்புசம் என்று சொன்னவுடனே எழுதிக்கொடுக்கப்படும் மருந்து இது, மருந்துக் கடையில் கேட்டாலும் எளிதாகக் கிடைக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஃபுளூனரிசின் இவையும் இதே கூட்டம்தான். அப்பாவின் மருந்துச் சீட்டின் மேல் 'பார்க்கின்சன் நோயாளி, இவை கொடுக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். இப்போது சாப்பிடும் கேப்சூலைப் பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவருக்கு நாளைக்கே போன் போட்டுக் கேளுங்கள். அமிலத்துக்கு மருந்து வேண்டும் என்றால் அதை மட்டும் தனியாகக் கொடுக்க வழி இருக்கிறது.

அடுத்தது டிரைஹெக்சிஃபெனிடில். நடுக்கத்துக்கு நல்ல மருந்துதான், விலையும் குறைவு, ஆனால் அது குடலின் அசைவைக் குறைக்கும், வாயை உலர்த்தும், வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் கூட்டும். 69 வயதில், இவ்வளவு மலச்சிக்கல் இருக்கும்போது, இது இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டியது அவசியம். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் சிலருக்கு மலச்சிக்கல் தரும், பார்க்கின்சன்காரர்களுக்கு எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் இறங்குகிற தொல்லையும் இருக்கும், அதனால் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்த்து, அந்த மாத்திரையின் அளவையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இனி குடலும் மூளையும். அண்ணன் அனுப்பிய வீடியோவில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் ஆளை இழுத்துப்போடுகிறது. இந்த நோயைப் பற்றி 1817இல் முதலில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே நோயாளிகளின் மலச்சிக்கலைக் குறிப்பிட்டிருக்கிறார். 2003இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹைகோ பிராக்கும் அவரது குழுவினரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: ஆல்ஃபா சைனூக்ளின் என்கிற புரதம் உருக்குலைந்து திரள்வது சிலருக்குக் குடல் நரம்புகளிலேயே தொடங்கி, குடலையும் மூளையையும் இணைக்கிற வேகஸ் நரம்பு வழியாக மேலேறி மூளைத்தண்டுக்குப் போகலாம் என்று. ஹவாயில் ஏறத்தாழ 6,800 ஆண்களை 24 ஆண்டுகள் வரை கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஒருமுறைகூட மலம் கழிக்காதவர்களுக்கு, தினம் ஒருமுறை போகிறவர்களைவிடப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது. உங்கள் அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள், நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே அவருக்கு வயிறு சரியாகப் போயிருக்காது, இந்த நோயில் அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள். அதற்காக மலச்சிக்கல் உள்ள எல்லாருக்கும் இந்த நோய் வரும் என்று பயந்துவிட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு வராது.

குடல் நுண்ணுயிரிகளிலும் வித்தியாசம் உண்டு. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கிற பாக்டீரியாக்கள் பார்க்கின்சன் நோயாளிகளிடம் குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2016இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் நடந்த எலி ஆய்வில், ஆல்ஃபா சைனூக்ளின் அதிகம் சுரக்கும்படி மாற்றிய எலிகளுக்குப் பார்க்கின்சன் நோயாளிகளின் குடல் கிருமிகளைக் கொடுத்தபோது அவற்றின் தள்ளாட்டம் மோசமானது. ஆக, குடலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் தொடர்பு இருப்பதும், பவுடர் குடித்தால் நோய் போவதும் ஒன்றாகிவிடாது. நோய் வெளியே தெரியும் நேரத்துக்குள் மூளையில் டோபமைன் செய்கிற செல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். குடலில் எதைச் சரிசெய்தாலும் செத்த செல் திரும்பி வராது. 'குடலிலேயே டோபமைன் உற்பத்தியாகிறது, அது மூளைக்குப் போகும்' என்று அந்த வீடியோவில் சொல்லியிருந்தால், மூளைக்குப் போகும் என்பது தவறு. இரத்தத்தில் இருக்கும் டோபமைனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்ட முடியாது. அதனால்தான் டோபமைனை அப்படியே மாத்திரையாகக் கொடுக்காமல், தாண்டக்கூடிய லெவோடோபாவைக் கொடுக்கிறோம், வழியிலேயே அது மாறிவிடாமல் இருக்கக் கார்பிடோபாவையும் சேர்க்கிறோம்.

மாத்திரையே வேண்டாம் என்கிற பேச்சை மட்டும் வீட்டுக்குள் விடவே விடாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டைபோல இறுகி, கடுமையான காய்ச்சல் வந்து, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம். அண்ணனிடம் இதை நீங்களே சொல்லுங்கள், தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அப்பாவுக்காக ஏதாவது செய்தாக வேண்டும் என்கிற தவிப்பு இருக்கும், அது புரிகிறது, அவரிடம் கோபப்பட வேண்டாம்.

மனிதர்களிடம் நடந்த புரோபயாடிக் ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நம்பத்தக்க பலன் கிடைத்திருப்பது மலச்சிக்கலில்தான். 2016இல் இத்தாலியில் 120 நோயாளிகளுக்கு நான்கு வாரம், நல்ல பாக்டீரியாக்களும் நார்ச்சத்தும் சேர்த்த புளித்த பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள், வயிறு முன்னைவிட நன்றாகப் போனது. 2021இல் மலேசியாவில் 72 பேருக்குப் பல வகை பாக்டீரியா அடங்கிய கேப்சூல், அதுவும் நான்கு வாரம்தான். வாரத்துக்கு ஒருமுறை கூடுதலாக மலம் போனது, அவ்வளவே. ஐந்து நாள் போகாமல் தவிக்கிற மனிதருக்கு அந்த ஒருமுறையும் பெரிய ஆறுதல்தான், நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஆய்வுகள் எதிலும் நோய் பின்வாங்கவில்லை, யாரும் மாத்திரையை நிறுத்தவும் இல்லை.

செடி சார்ந்தது என்றால், தைவானில் புளிக்கவைத்த கடுகுக்கீரையிலிருந்து பிரித்தெடுத்த லாக்டோபேசில்லஸ் என்கிற பாக்டீரியாவின் ஒரு வகையை 25 நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்து, கைகால் அசைவில் கொஞ்சம் முன்னேற்றம் என்று எழுதினார்கள். அதில் ஒப்பிட்டுப் பார்க்க போலி மருந்து சாப்பிட்ட குழு இல்லை. பார்க்கின்சனில் போலி மருந்துக்கே நல்ல மாற்றம் தெரியும் என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம், ஆகவே அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. விளம்பரங்களில் வருகிற இன்னொரு ஆய்வு 2020இல் வந்தது, பேசில்லஸ் சப்டிலிஸ் என்கிற பாக்டீரியா ஆல்ஃபா சைனூக்ளின் புரதத் திரளைக் குறைத்ததாம், அது நடந்தது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுக்களில். இன்னொருவரின் மலக் கிருமிகளையே குடலுக்குள் செலுத்திப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2024இல் வந்தன. பெல்ஜியத்தில் லேசான பலன், பின்லாந்தில் பலனே இல்லை. கேப்சூலைவிட எவ்வளவோ அதிகம் கிருமிகளைச் செலுத்தியும் இதுதான் நிலை.

இப்போது அம்மா சொல்கிற பழங்கஞ்சி. எனக்கு அம்மாவின் பக்கம் சாய்வு உண்டு, ஆனால் அவர் நினைக்கிற காரணத்துக்காக மட்டும் அல்ல. புரோபயாடிக் என்றால் உயிரோடு இருக்கும், இன்ன வகை என்று தெரிந்த, போதிய அளவில் உள்ள, பலன் நிரூபிக்கப்பட்ட நுண்ணுயிர். பழங்கஞ்சியில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கின்றன, எந்த வகை எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு, பானைக்குப் பானை மாறும். இட்லி தோசை மாவிலும் அதே கூட்டம் இருந்தாலும் வேகும்போது செத்துவிடும். அக்கானியும் (பதநீர்) புளித்த பானம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது புளிக்கக்கூடாது என்றுதானே கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம், அதில் சர்க்கரைதான் அதிகம்.

பழங்கஞ்சியில் எனக்குப் பிடித்தது தண்ணீரும், உப்பும், வெந்து ஆறிய சோற்றில் கொஞ்சம் உருவாகிற செரிக்காத மாவுச்சத்தும். அந்த மாவுச்சத்து பெருங்குடல் வரை போய் அங்கே ஏற்கெனவே இருக்கிற பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது. வெளியிலிருந்து புதுக் கிருமியைக் கொண்டுவருவதைவிட உள்ளே இருப்பதற்குத் தீனி போடுவது நம் கையில் உள்ள காரியம். சின்ன உள்ளியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது, உள்ளியிலும் அந்தப் பாக்டீரியாக்களுக்கு இரையாகிற நார் உண்டு. கூட இரண்டு துளுவன் பழமோ மட்டிப்பழமோ, ராத்திரிக்குச் சிறுபயறு, கீரை, அவியல், வேகவைத்த காச்சில் அல்லது சிறுகிழங்கு, இவையெல்லாம் சேர்ந்தால் ஒரு நாளைக்கு வேண்டிய 25, 30 கிராம் நார்ச்சத்தை நெருங்கிவிடலாம். மரச்சீனிக் கிழங்கில் மாவு நிறைய, நார் அவ்வளவு இல்லை, அது வயிறு நிறையத்தான். நாரை ஒரே நாளில் கூட்டாதீர்கள், வயிறு ஊதும், அப்புறம் மறுபடி அந்த கேஸ் கேப்சூலைத் தேடுவார்.

ஆனால் அப்பா தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா? சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்கிறதா? எடை குறைகிறதா? இந்த நோயில் விழுங்கும் தசைகளும் மந்தமாகும், தண்ணீர் தனியாகவும் பருக்கை தனியாகவும் மிதக்கிற கஞ்சி அப்படிப்பட்டவர்களுக்கு மிகக் கடினமான உணவு. தண்ணீர் முதலில் ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், நிமோனியா வரும். இருமல் இருந்தால் முதலில் விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அதுவரை கஞ்சியைக் கையால் நன்றாகப் பிசைந்து ஒரே சீராகக் கெட்டியாக்கிக் கொடுங்கள், நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஒவ்வொரு வாயாக. படுக்கையில் சாய்ந்தபடி கொடுக்கவே கூடாது.

செய்கிற விதத்திலும் கவனம் வேண்டும். மத்தியானச் சோறு ராத்திரி வரை குக்கரிலேயே கிடந்து, அப்புறம் தண்ணீர் ஊற்றுவது சரியில்லை, நம் ஊர்ப் புழுக்கத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமி சோற்றில் நஞ்சை உண்டாக்கிவிடும், அந்த நஞ்சு சூடாக்கினாலும் போகாது. ராத்திரி வடித்த சோறு ஆறினவுடனேயே கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள், காலையிலேயே முடித்துவிடுங்கள், கொழகொழப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

அந்த மத்தியான மாத்திரைக்கு வருகிறேன். என் ஊகம் இதுதான்: சாப்பிட்டு முடித்த கையோடு, சாளைக் குழம்பும் சோறும் பருப்பும் வயிற்றில் இருக்கும்போது மாத்திரை போடுகிறார். லெவோடோபா சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது, புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் அதே இடத்தில் உறிஞ்சப்படுகின்றன, இரண்டுக்கும் வாசல் ஒன்று. திருவிழாக் கூட்டத்தில் ஒரே கதவில் முண்டியடிப்பதுபோல, மாத்திரை வெளியே நின்றுவிடும். போதாததற்கு இந்த நோயில் இரைப்பை மெதுவாகக் காலியாகும், மலச்சிக்கலும் சேர்ந்தால் இன்னும் மெதுவாகும், மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கும் முன்னால் தண்ணீரோடு மாத்திரை, முடியாதபோது சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து. குமட்டினால் ஒரு பிஸ்கட்டோடு போடலாம். காலையிலும் அப்படித்தான், எழுந்தவுடன் மாத்திரை, பிறகு கஞ்சி. மீனும் பயறும் ராத்திரிப் பக்கம் அதிகமாக இருக்கட்டும், ஆனால் மொத்தப் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள், அவர் மெலிந்துவிடுவார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் இதற்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

குடல் கிருமிகளே லெவோடோபாவைத் தின்றுவிடுவதும் உண்டு. என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்கிற பாக்டீரியா அதைக் குடலுக்குள்ளேயே டோபமைனாக மாற்றிவிடுவதை 2019இல் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் என்ன கிருமி இருக்கிறது என்று தெரியாத கலவைப் பவுடரை இந்த நோயாளிக்குக் கொடுக்க நான் யோசிக்கிறேன்.

இன்னொன்று, அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அண்ணனிடம் கேளுங்கள். மூளைக்கு நல்லது என்று விற்கும் மூலிகைக் கலவைகள் பலவற்றில் பூனைக்காலி விதை இருக்கும். அதில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது, நம் வைத்தியர்கள் வெகுகாலமாக நடுக்கத்துக்குக் கொடுத்துவந்தது வீண் போகவில்லை. ஆனால் மாத்திரையோடு சேர்ந்து அளவு தெரியாமல் உள்ளே போனால் உடம்பு தானாக நெளியும், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவார், எழுந்தால் மயக்கம் வரும். பூனைக்காலி இருந்தால் அந்தப் பவுடர் வேண்டவே வேண்டாம். பக்கத்து வைத்தியர் யாராவது தனியாகக் கொடுத்திருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மலச்சிக்கலுக்கு இப்போதே என்ன செய்யலாம் என்றால், மருத்துவரிடம் மலத்தை இளக்குகிற மேக்ரோகால் பவுடர் பற்றிக் கேளுங்கள். தண்ணீரில் கரைத்துத் தினமும் குடிப்பது, பழக்கமாகிவிடும் என்கிற பயம் வேண்டாம், பார்க்கின்சன் மலச்சிக்கலில் சோதித்துப் பார்த்த மருந்து அது. இசப்கோல் நல்லதுதான், ஆனால் நிறையத் தண்ணீர் குடிக்க முடிந்தால் மட்டும், விழுங்கக் கஷ்டம் இருந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விளக்கெண்ணெய் கொடுத்து ஒரே நாளில் பேதியாக்குவதை விட்டுவிடுங்கள், பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார். காலைக் கஞ்சிக்குப் பிறகு குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் தினமும் பத்து நிமிடம் உட்காரவைக்கலாம், வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி வைத்து முட்டி உயர்ந்திருக்கும்படி. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், ஆசாரிபள்ளமோ வேறு பெரிய ஆஸ்பத்திரியோ உடனே கொண்டுபோங்கள், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். மலத்தில் இரத்தம் இருந்தாலும் காட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் அண்ணன் ஏதாவது வாங்கித்தான் தருவேன் என்றால், மருத்துவரைக் கேட்டு, பாக்டீரியாவின் பெயரும் அளவும் அட்டையில் தெளிவாக இருக்கிற ஒரு சாதாரண புரோபயாடிக் கேப்சூலை நான்கு வாரம் கொடுத்துப் பாருங்கள். அந்த நான்கு வாரமும் வேறு எதையும் மாற்றாமல், ஒரு நோட்டில் என்றைக்கு மலம் போனது, மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது, எப்போது கை இலகுவானது என்று மட்டும் எழுதுங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். அப்போது அந்த மூவாயிரத்தை மாதாமாதம் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், நடையும் பயிற்சியும் அப்பாவின் கைகாலுக்கும் குடலுக்கும் சேர்த்தே உதவும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் இந்த மாதிரி நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே போனாலும் வேறு எங்கே போனாலும் அந்த நோட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கேஸ் கேப்சூல் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.